பின்வாசல் பள்ளிக்கூடம்

— ஏங்க, சிரிக்காதீங்க. முதல்ல கையைக் கழுவுங்க. லிஃப்ட் கிரீஸோட துண்டைத் தொடாதீங்க.

— சிரிக்காம? எதிர்வீட்டம்மா என்னை நிறுத்திக் கேக்கறாங்க. உங்க வீட்டுக்காரம்மா தினமும் ஒம்பது மணிக்குக் குழந்தையோட முன்வாசல்ல கிளம்பி, வீட்டைச் சுத்தி நடந்து, பின்வாசல் வழியா உள்ள போறாங்களே... தினமுமா சாவியைத் தொலைப்பாங்கன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்னு சமாளிச்சேன். நிஜமா என்னதான் நடக்குது?

— ஸ்கூல் நடக்குது. இந்த வீட்டுக்கு வந்த புதுசுல உங்க பொண்ணை அடுப்படி மேஜைல உக்காரவெச்சுப் புத்தகத்தைத் திறந்தா, "இது வீடும்மா, ஸ்கூலுக்குப் போகணும்ல"ங்கறா. சரின்னு பையை மாட்டி வெளிய கூட்டிட்டுப் போய், ஒரு சுத்து சுத்தி பின்வாசல்ல விட்டேன். அன்னைலருந்து அது ஸ்கூல், நான் டீச்சர். உள்ள அம்மான்னு கூப்பிடக் கூடாதுன்னு அவளே சட்டம் போட்டுட்டா.

— அப்போ அம்மா எப்போ வருவா?

— பன்னண்டு மணிக்கு. மறுபடி ஒரு சுத்து சுத்தி முன்வாசல்ல வந்தா நான் அம்மா. "எங்க டீச்சர் ரொம்பக் கண்டிப்பும்மா"ன்னு என்னைப் பத்தி என்கிட்டயே கோள் சொல்றா.

— ஆறு வயசுல வாயைப் பாரு... அப்படியே நீ.

— ஆமா, நல்லதெல்லாம் உங்க பக்கம்.

— சரி, விஷயத்துக்கு வா. நாம இந்த ஊருக்கு வந்தப்போ இடமில்லன்னு சொன்ன பள்ளிக்கூடத்துலருந்து போன் வந்துச்சாமே? ஒரு இடம் காலியாயிருக்குன்னு?

— யார் சொன்னா?

— எனக்கும் பண்ணாங்க. நீ மூணு நாளா பதில் சொல்லலைன்னு.

— சொல்லலாம்னுதான் இருந்தேன்... அவ இன்னும் தயாராகலைங்க. ஒரு வரி படிக்க வரல. நாலு மாசமா தொண்டை கிழியக் கத்தறேன், எழுத்தைக் காட்டினா ஜன்னலைப் பாக்கறா. அங்க போய் பரீட்சைல முழிப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

— படிக்க வரலையா?

— நான் என்ன பொய்யா...

— நேத்து கடைக்குப் போற வழில மருந்துக்கடைப் பலகையை முழுசாப் படிச்சா. பஸ்ல ஒட்டியிருந்த நோட்டீஸை எனக்கு முந்திப் படிச்சா. ரெண்டு வாரமா இதான் கூத்து.

— ரெண்டு வாரமாவா? என்கிட்ட ஒரு வார்த்தை...

— சத்தியம் வாங்கிட்டா. அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு.

— ஏன்? என்கிட்ட என்ன பயம் அவளுக்கு?

— பயமில்ல... விடு.

— பாதில நிறுத்தாதீங்க. எனக்குக் கெட்ட கோபம் வரும்.

— "எங்க டீச்சர் பாடம் நடத்தும்போது திடீர்னு ஜன்னல்கிட்ட போய் அழறாங்கப்பா. கேட்டா வெங்காயம்ங்கறாங்க. ஸ்கூல்ல ஏதுப்பா வெங்காயம்?"னு கேட்டா.

— அதுக்காகவா சத்தியம் வாங்கினா?

— "அவங்களுக்கு இந்த ஊர்ல யாரையுமே தெரியாது. எனக்குப் படிக்க வந்துட்டா பெரிய ஸ்கூலுக்கு அனுப்பிடுவீங்க. டீச்சர் தனியா இருப்பாங்க. அதான் தெரியாத மாதிரி இருக்கேன்"னா. நீ ஏன் என்கிட்ட சொல்லல? வேலைய மாத்திக்கிட்டு உங்களை இங்க இழுத்துட்டு வந்தவன் நான்தானே.

— நீங்களே விடிஞ்சா அடைஞ்சா லிஃப்ட் குழிக்குள்ள கிடக்கறீங்க. இதுல நானும் மூக்கைச் சிந்தணுமா?

— சிந்து. நல்லா சிந்து. அதுக்குத்தானே இருக்கேன்... இன்னொண்ணு. எதிர்வீட்டம்மாவும் காலைல நடக்கப் போவாங்களாம், துணைக்கு ஆள் இல்லையாம். டாக்டர் சொன்ன நடையை என்கூட நடக்கச் சொல்லுங்கன்னாங்க. சரின்னுட்டேன்.

— என்னைக் கேக்காமயா?

— கேட்டா வேண்டாம்பே. இப்போ இதைச் சொல்லு. பள்ளிக்கூடத்துக்கு என்ன பதில் சொல்லட்டும்? அவளுக்குப் படிக்க வரலைன்னா?

— அவ படிப்பாங்க... எனக்குத் தெரியும். போன வாரம் பொம்மையை மடில வெச்சுக்கிட்டு, ஒரு கதைப் புத்தகம் முழுசையும் அதுக்குப் படிச்சுக் காட்டினா. கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். ஒரு எழுத்து தப்பல. ஓடிப்போய் அவளைத் தூக்கியிருக்கணும்... சத்தம் காட்டாம திரும்பி வந்துட்டேன். அவ போயிட்டா பன்னண்டு மணி வரைக்கும் நான் யாருங்க?... திங்கக்கிழமை வர்றோம்னு சொல்லிடுங்க. அவகிட்ட நாளைக்குக் காலைல டீச்சரே சொல்லிடுவாங்க.