ஏழு மணி லைன் கிளியர்

— தொடாதீங்க அண்ணி! இப்பத்தான் அந்த சர்க்யூட் பலகை வைஃபையப் பிடிச்சிருக்கு.

— தூசி தட்டலாம்னு பாத்தேன். தீப்பெட்டி அளவுகூட இல்ல, அதுக்கு இவ்வளவு பந்தாவா?

— பந்தாதான். அந்தக் குட்டி நீல லைட்டு அசையாம எரியுதா? அப்படின்னா நெட்டுல போயி மணி என்னன்னு கேட்டு வாங்கிடுச்சுன்னு அர்த்தம். இனி ஏழு ஆச்சுன்னா மாடி விளக்க அதுவே மூணு தடவை மினுக்கும். நீங்க நிம்மதியா நாளைக்குப் பிரஸ்ஸுக்குப் போயி, அடுத்தவங்க எழுதினதுல தப்பு கண்டுபிடிச்சுக்கிட்டு இருங்க.

— சாயங்கால ஷிஃப்ட் போட்டுட்டானே அந்தப் புண்ணியவான். இல்லேன்னா நானே கையால மினுக்கிட்டுப் போவேன். உங்க அண்ணன் போன நாள்லேர்ந்து நான்தானே மினுக்கறேன்? வாலு, நேத்து மாதிரி ஆயிடாதே?

— நேத்து நடந்தத மறந்துடுங்க.

— எப்படிடி மறக்கறது? டேபிள் லாம்ப்ப வச்சு சோதனை பண்றேன்னுட்டு நீ பாட்டுக்கு இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கற. விடிஞ்சும் விடியாம காபி போட வரேன், ஹால்ல விளக்கு தானா எரிஞ்சு அணையுது. ஒரு நிமிஷம் உங்க அண்ணன்தான் வந்துட்டாரோன்னு...

— அண்ணி.

— அட, சிரிச்சுக்கிட்டுதான்டி சொல்றேன். "வந்தது வந்தீங்க, ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போங்க"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு.

— ஐயோ அண்ணி! அது என் தப்பு. நெட்டு குடுக்கறது உலகப் பொது நேரம். அதோட நம்ம ஊருக்கு இவ்வளவுன்னு கூட்டணும். கூட்ட வேண்டியத நான் கழிச்சுட்டேன். காலையில அதுக்குச் சாயங்காலம் ஆயிடுச்சு.

— சரி, காலையில கழிச்ச. சாயங்காலம்?

— சாயங்காலம் நேரம் சரியாத்தானே வந்துது?

— வந்துது. நிக்கத்தான் இல்ல. பைத்தியம் பிடிச்ச மாதிரி மினுக்கித் தள்ளிடுச்சு.

— அது வந்து... பலகை ஓயாம "மணி ஏழா, மணி ஏழா"ன்னு பாத்துக்கிட்டே இருக்கும். ஏழுங்கறது ஒரு நிமிஷம் முழுக்க ஏழாத்தானே இருக்கு? பாக்கறப்பல்லாம் ஏழு. பாக்கறப்பல்லாம் மினுக்கு. இப்ப, "இன்னிக்கு வேலை முடிஞ்சுது"ன்னு அதுவே ஒரு அடையாளம் வச்சுக்கற மாதிரி எழுதிட்டேன்.

— உங்க அண்ணனுக்கும் அப்படி ஒண்ணு எழுதியிருக்கலாம். ஒரே ஜோக்க ஒரே சாப்பாட்டுல மூணு தடவை சொல்லுவாரு.

— நீங்க மூணு தடவையும் சிரிப்பீங்களே.

— பயம்தான். சிரிக்கலேன்னா நாலாவது தடவை சொல்லுவாரே! சரி, முக்கியமானதுக்கு வா. மூணாவது மினுக்க நீளமா இழுத்திருக்கியா?

— இழுத்தாச்சு, இழுத்தாச்சு. இருங்க, டேபிள் லாம்ப்ப மாட்டிக் காட்டறேன். ஃபோன்ல இதத் தட்டினா போதும், பலகை உடனே மினுக்கும். பாருங்க.

— ம்ம்... இன்னொரு தடவை. இல்ல. மூணாவது இன்னும் ஒரு நூல் இழுக்கணும்.

— இது ப்ரூஃப் இல்ல அண்ணி.

— எனக்கு எல்லாமே ப்ரூஃப்தான். சிக்னல் கேபின்ல வருஷக்கணக்கா கை விளக்கு காட்டின மனுஷன்டி அவரு. ஒண்ணு, ரெண்டு, மூ...ணு. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கற நம்ம ஸ்டேஷன் மாஸ்டர், அந்த நாள்ல அடுத்த ஸ்டேஷன்லேர்ந்தே அந்தக் கைய அடையாளம் கண்டுபிடிச்சிடுவாரு.

— இப்ப?

— அதேதான். ஐயோ, அதேதான்டி! அவரு கை! இன்னொரு தடவை தட்டு. இன்னும் ஒரே ஒரு தடவை.

— பாத்தீங்களா? ரெண்டு வரி, அண்ணி! ரெண்டே வரிய மாத்தினேன், அண்ணன் கை வந்துருச்சு! எனக்கே புல்லரிக்குது. சரி, போதும். திரும்ப மாடி விளக்குக்கே மாத்திடறேன்.

— மாத்து, மாத்து. மணி ஆகப் போகுது. நான் ஜன்னல்கிட்ட நிக்கறேன். ஏரிக்கு அந்தப் பக்கம் மங்கலாத்தான் இருக்கு.

— அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.

— கோவம் வர்ற மாதிரிதான் கேப்ப. கேளு.

— எத்தன நாளைக்கு இப்படி? அண்ணன் இல்லைன்னு மாஸ்டருக்கு ஒருநாள் தெரியத்தானே போகுது?

— தெரியட்டும். எழுந்து உக்காந்து, நல்லாச் சாப்பிட்டு, என்னை நாலு திட்டு திட்டற அளவுக்குத் தெம்பு வந்தப்புறம் தெரியட்டும். ஆபரேஷன் பண்ணின நெஞ்சுடி. உங்க அண்ணன் போன அன்னிக்கு அவரு ஆஸ்பத்திரியில. அவரோட மருமகதான் ஃபோன்ல அழுதா. "ஆன்ட்டி, அப்பா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா ஜன்னலத்தான் பாப்பாரு. மாமா விளக்கு எரியலேன்னா தாங்க மாட்டாரு. நீங்களே மினுக்கிடுங்க ஆன்ட்டி"ன்னா.

— நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களா?

— எப்படிப் போறது? என் மூஞ்சியப் பாத்தாலே மாஸ்டருக்கு விஷயம் புரிஞ்சுடாதா? எனக்குப் பொய் எழுதவும் வராது, பேசவும் வராது. மினுக்க மட்டும்தான் வருது. நான் மூணு தடவை மினுக்கினா, "லைன் கிளியரா?"ன்னு அர்த்தம். வண்டிய விடறதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கேப்பாங்களே, அது. அவரு ரெண்டு மினுக்கினா, "கிளியர்". இருக்கேன், நல்லா இருக்கேன்னு அர்த்தம். அந்த ரெண்டப் பாத்தப்புறம்தான்டி எனக்குச் சோறு இறங்குது.

— நாளைக்கு நீங்க பிரஸ்ல இருப்பீங்களே, பதில யாரு பாக்கறது?

— அதுக்குத்தானே உன்னக் கூப்பிட்டு வச்சிருக்கேன். பாத்துட்டு எனக்கு ஃபோன் பண்ற.

— அடேங்கப்பா, இது எப்ப முடிவாச்சு? சரி சரி, முறைக்காதீங்க. மாடி விளக்கு மாட்டியாச்சு. இன்னும் கொஞ்ச நேரம்தான். தயாரா? பரீட்சை ரிசல்ட் பாக்கற மாதிரி இருக்கு.

— நான் தயார்தான்... ஐயையோ! போச்சு!

— கரண்டா? இப்பவா போகணும்!

— இதுக்குன்னே காத்துக்கிட்டிருந்த மாதிரி... இரு, இரு. வந்துருச்சு! வந்துருச்சுடி!

— வந்து என்ன அண்ணி. பலகை முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. அதுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போனா நேரமும் போச்சு. இனி ரவுட்டர் எழுந்து, நெட்டு வந்து, திரும்பக் கேட்டாத்தான் அதுக்கு மணி தெரியும்.

— ஃபோன்ல தட்டேன்!

— அதுக்கும் ரவுட்டர் வேணுமே.

— ரவுட்டர் எப்ப எழும்?

— அது ராஜா வீட்டுக் கன்னுக்குட்டி. சோம்பல் முறிச்சு முடிக்கவே நேரமாகும்.

— ஏழு ஆச்சுடி! தள்ளு. மாடிக்கு ஓடிப் போயி ஸ்விட்சப் போட்டுடறேன்.

— அண்ணி... ஸ்விட்சு இல்ல. வயர பலகைக்கு இழுக்கறப்போ நான்தான் கழட்டிட்டேன்.

— அடிப்பாவி! உருப்படியா வேலை செஞ்சது அது ஒண்ணுதானேடி!

— அப்புறமாத் திட்டுங்க, முதல்ல உங்க ஃபோனக் குடுங்க. ஹாட்ஸ்பாட்டுக்கு ரவுட்டரோட பேரையே வச்சுட்டா, பலகை ஏமாந்து இதுல ஒட்டிக்கும். நீங்க ஜன்னலப் பாருங்க. அந்தக் கரையில கரண்ட் இருக்கா?

— இருக்கு. தெரு விளக்கெல்லாம் எரியுது. மாஸ்டர் ஜன்னல் மட்டும்தான் இருட்டு. அவரு காத்துக்கிட்டிருப்பாரு வாலு. கண்ண இங்கயே வச்சுக்கிட்டு... சீக்கிரம்டி!

— பேரு போட்டாச்சு... தேடுது... நீல லைட்டு துடிக்குது... வா, வா, என் செல்லம்...

— வந்துருச்சு!

— என்ன வந்துது?

— மாஸ்டர்! ஒண்ணு... ரெண்டு! ரெண்டு தடவை! லைன் கிளியர்! என் ராஜாத்தி, சாதிச்சுட்டடி! உங்க அண்ணன் இருந்திருந்தா ஊரையே கூட்டிச் சொல்லியிருப்பாரு! ஏய், ஏன் இப்படி முழிக்கற? சிரியேன்!

— அண்ணி, நாம இன்னும் கேக்கவே இல்ல.

— என்ன சொல்ற?

— பலகைக்கு இன்னும் மணி தெரியாது. தேடிக்கிட்டேதான் இருக்கு. நம்ம மாடி விளக்கு எரியவே இல்ல.

— அப்போ மாஸ்டர் எதுக்குப் பதில்...

— பதில் சொன்னது மாஸ்டர் இல்ல அண்ணி. கேட்டாலும் கேக்காட்டியும் நேரம் ஆனா மினுக்குது. அங்கயும் இது மாதிரி ஒரு பலகைதான் இருக்கு.

— மாஸ்டரு... மாஸ்டரும் போயிட்டாரா?

— அண்ணி? இப்படி உக்காருங்க. தண்ணி வேணுமா?

— நான் ஃபோன் பண்றப்பல்லாம் அந்த மருமகப் பொண்ணு "அப்பா தூங்கறாரு ஆன்ட்டி"ன்னா. ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னா.

— நாளைக்கு நானும் வரேன், நேர்ல போவோம். இதோ, பலகை ஒட்டிக்கிச்சு, நேரமும் வந்துருச்சு. ஆனா ஏழு தாண்டிட்டதால இனி தானா மினுக்காது. நான் ஃபோன்ல தட்டினாத்தான் உண்டு. விட்டுடட்டுமா அண்ணி? அந்தப் பக்கம் பாக்கறதுக்குத்தான் யாரும் இல்லையே.

— தட்டுடி, சீக்கிரம். இத்தன நாளும் அந்தப் பொண்ணு எனக்குத்தான் பதில் சொல்லிக்கிட்டிருந்திருக்கா. என் விளக்கக் காணோமேன்னு பதறிடப் போறா.