வாயைத் திறந்து சிரிக்கும் படம்

சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்தும் பெண்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். எல்லோரும் அதை வெட்கம் என்பார்கள். பாதிப் பேருக்கு அது வெட்கம் இல்லை ஐயா, பல். இருபது வருடம் மற்றவர்களின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தவன் சொல்கிறேன், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் செபநாயகம். அச்சுவேலியில் பல் வைத்தியர் தம்பிஐயாவிடம் பல் செற், அதாவது பொய்ப்பல் வரிசை, கட்டும் வேலை செய்தேன். எண்பத்தேழில் அவர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போனார். வைத்திய அறைத் திறப்பை என் கையில் தந்து, "செற் மட்டும் கட்டு. ஒருத்தற்ரை வாயிலையும் கை வையாதை" என்றார். நல்ல புத்திதான். ஆனால் பல்லுக்கொதியில் அழுதுகொண்டு வருகிறவர்களை அவரா பார்க்கப்போகிறார்? வந்தவர்கள் என்னை டொக்டர் என்றார்கள். முதல் இரண்டு பேரிடம் நான் டொக்டர் இல்லை என்று திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன்.

தொண்ணூற்று மூன்று ஆவணியில் பூரணம் தன் மூத்த மகள் மீனாம்பிகையைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்பு வவுனியாப் பக்கம் தோட்டம் செய்த குடும்பம். அந்தத் தண்ணீர் சிறுவயதிலேயே பல்லில் இறங்கிவிடும். பிள்ளையின் முன்பற்களில் தேயிலைச் சாயம் போலப் பழுப்புக் கோடுகள். மற்றபடி உறுதியான பல், ஒரு சூத்தை கிடையாது.

"சூரிச் மாப்பிள்ளை வாயைத் திறந்து சிரிக்கிற படம் கேட்டிருக்கிறார், டொக்டர். முதல் பேசின இடத்திலை ஏதோ ஏமாத்திப் போட்டினமாம்" என்றார் பூரணம்.

பிள்ளைக்கு இருபத்தாறு வயது. இரண்டு சம்பந்தம் ஏற்கெனவே குழம்பியிருந்தது. இதுவும் போனால் இனி இல்லை என்று சொல்லித் தாய் அழுதார். எனக்கு இரக்கமாக இருந்தது. அதை நீங்கள் நம்பவேண்டும்.

தட்டார் நகை வெளுக்கும் திராவகத்தைப் பஞ்சில் தோய்த்துத் தேய்த்தேன். பழுப்புப் போகும். பல்லின் மேல்தோலும் அதோடு போகும். யுத்தத் தடையில் விறைப்பு ஊசி மருந்து அப்போது எங்களுக்கு எங்கே வந்தது? கராம்பு எண்ணெய்தான் வைத்தேன். பிள்ளை கதிரையின் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், பொறுமைசாலி.

"உது பிறகு ஒண்டும் செய்யாதோ, டொக்டர்?" என்று கேட்டாள்.

"என்ரை மனுசிக்கும் செய்தனான், பிள்ளை."

அது உண்மை. என் மனைவி ஸ்ரெல்லாவுக்குச் செய்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முதலில் பல் எல்லாம் முத்து. நாலாம் மாதம் சுண்ணாம்புக்கட்டி போல உதிரத் தொடங்கியது, வேரில் சீழ் பிடித்தது. நானே பிடுங்கிச் செற் கட்டிக் கொடுத்தேன். நல்ல செற், சாப்பாட்டுக்கு மட்டும் கழற்றுவாள். ஆகையால் இந்த வேலை எவ்வளவு காலம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். படம் எடுக்க ஒரு நாள் போதும். கலியாணம் முடிந்து போனால் சூரிச்சில் இல்லாத பல் வைத்தியமா? ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

நெல்லியடியில் படம் எடுத்தார்கள். பிலிம் தட்டுப்பாட்டில் ஒரே ஒரு படம். அதில் ஒரு பிரதியைக் கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். மார்கழியில் மாப்பிள்ளையிடமிருந்து சம்மதம் என்று கடிதம் வந்தது. பூரணம் எனக்கு ஒரு சீப்புக் கதலி கொண்டுவந்து தந்தார்.

தை மாதம் பிள்ளைக்குத் தாடை வீங்கிக் காய்ச்சல் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டோ?" என்று தாய் கேட்டார்.

"கூகைக்கட்டு வருத்தம்தான், தானா வத்தும். வேப்பிலையை அரைச்சுப் பூசுங்கோ. கலியாணம் பேசின நேரத்திலை ஆஸ்பத்திரியிலை கிடந்தால் வருத்தக்காறப் பெட்டை எண்டு கதை வரும். அது சூரிச்சுக்குக் கடிதத்தை விடக் கெதியாப் போகும்."

அவருக்கு அது விளங்கியது. எங்கள் சனத்துக்கு இதை இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை. மூன்று நாள் என்னிடம்தான் வந்து கேட்டுப் போனார். நாலாம் நாள் காலை, கழுத்தும் வீங்கி மூச்சு எடுக்கக் கஷ்டப்படுகிறாள் என்றார். அப்படியான கழுத்தைத் தம்பிஐயாவின் புத்தகத்தில் படத்தோடு பார்த்திருக்கிறேன். உடனே வெட்டிச் சீழை எடுக்காவிட்டால் மூச்சடைத்துப் போகும் என்று கீழே எழுதியிருந்தது. ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்து பார்த்தால் என்ன கேட்பார்கள் என்பதும் தெரியும்.

"நாளைக்கு வத்திவிடும்" என்றேன்.

பின்னேரம் அவள் செத்துப்போனாள். இளையவளுக்கும் கலியாணம் பேசவேண்டும் என்பதால் ஊருக்கு நெருப்புக் காய்ச்சல் என்று சொன்னார்கள்.

முப்பத்தொன்றாம் நாளுக்குக் கல்வெட்டு அடித்தார்கள். செத்தவரின் படத்தை அட்டையில் போட்டுப் பாட்டும் சரித்திரமும் எழுதும் அந்தப் புத்தகத்துக்கு, அவளுடைய வேறு நல்ல படம் இல்லை, அந்தச் சிரிக்கும் படத்தையே போட்டார்கள். எனக்கும் ஒன்று தந்தார்கள். பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் கதிரைக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். வந்த பெண்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஐந்து பேருக்குச் செய்தேன்.

"இவ இப்ப எங்கை?" என்று குணலட்சுமி என்ற பிள்ளை கேட்டாள்.

"சூரிச்சிலை. நல்லா இருக்கிறா."

அந்தக் குணலட்சுமி தாடை வீங்கியவுடன் என்னிடம் ஒரு சொல் கேட்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதனால்தான் பிழைத்தாள் என்று சொல்கிறீர்கள். இருக்கலாம். அவளுடைய சம்பந்தம் குழம்பிவிட்டதே, அதையும் ஒருவர் பார்க்கவேண்டாமா?

போன வெள்ளிக்கிழமை பூரணம் திரும்பவும் வந்தார். சுவரில் மகளின் படத்தைக் கண்டதும் தொட்டு அழுதார்.

"ஊரெல்லாம் மறந்துபோச்சு. நீங்கள்தான் என்ரை பிள்ளையை மறக்கேல்லை."

இதை ஒரு சொல்லும் குறையாமல் எழுதிக்கொள்ளுங்கள். கெட்டவனிடம் ஒரு தாய் இரண்டாம் முறை வருவாளா? அவர் தனியாக வரவில்லை, இளைய மகளையும் கூட்டிவந்திருந்தார். அவளுக்கும் ஓரிடத்தில் படம் கேட்டிருந்தார்கள். அதே தண்ணீர், அதே பழுப்பு. கதிரையில் இருக்கச் சொன்னேன். தமக்கையை விட நன்றாக வெளுத்தது.

இப்போதே அந்த இளையவளை ஆஸ்பத்திரிக்கு எடுக்க ஆள் அனுப்பவேண்டும் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள் ஐயா. நாளைக்குத்தான் படம்.