டேங்குக்கு வெளியே நிற்பவர்

சிங்கப்பூரில் ஒரு ஞாயிறு மதியம், கிராஞ்சியிலிருந்து தேக்கா போகும் பஸ். என் முன் இருக்கையில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நாற்பது வயதிருக்கும். ஜன்னலோரம் இருந்தவர் காலை ஆட்டிக்கொண்டே சொன்னார்:

“நாலு வருஷமா நான் டாய்லெட்லதான்டா மூச்சு விடுறேன்.”

“என்னடா சொல்ற?” என்று கூட்டாளி திரும்பினார்.

“ஆஸ்துமா. கம்பெனிக்குத் தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். இழுப்பு வந்தா டாய்லெட்ல போய்க் கதவச் சாத்திட்டு நீல இன்ஹேலர அடிச்சுக்குவேன்.”

“இழுப்பே வராம இருக்கத் தினமும் அடிக்கச் சொல்லி இன்னொண்ணு குடுப்பாங்களே? என் தங்கச்சிக்குக் குடுத்தாங்க.”

“எனக்கும் குடுத்தாங்க. உடம்பு நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன். இப்ப நீலத்தயே ஒரு நாளைக்கு நாலு தடவ அடிக்கிறேன். நேத்து கப்பல் டேங்குக்குள்ள வேல பாக்கும்போது அதுவும் தீந்துபோச்சு.”

கூட்டாளி கேட்டார்:

“நீ டேங்குக்குள்ள இருக்கும்போது வெளிய காவலுக்கு நிக்கிறது யாரு?”

“நீதான்.”

“உள்ள நீ விழுந்தா என்னன்னு சொல்லி ஆளக் கூப்பிடுவேன்? எனக்காவது சொல்லியிருக்கலாம்லடா.”

ஜன்னலோரம் இருந்தவர் காலை ஆட்டுவதை நிறுத்தினார். கூட்டாளி தொடர்ந்தார்:

“முதல்ல டாக்டரப் பாரு. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் நீ டேங்குல இறங்கக் கூடாது. சூப்பர்வைசர்கிட்ட நானும் கூட வரேன்.”

“ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னா?”

“உயிரோட போவ.”

தேக்காவுக்கு இரண்டு நிறுத்தம் முன்பே ஒரு கிளினிக் பலகை தெரிந்தது. மணியை அழுத்தியவர் ஜன்னலோரம் இருந்தவர்தான்.