அத்தான் பற்றிய கல்

இந்த அறையில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஜன்னலைத் திறந்தால் காகிதமெல்லாம் பறக்கும். மூடினால் நாங்கள் வெந்துபோவோம்.

ஆற்றுப் பூச்சிகளைக் கவனிப்பது என் வேலை. வேகமாக ஓடும் நீரில் மட்டும் வளரும் பூச்சி ஒன்று உண்டு. அதன் புழு வாயிலிருந்து நூல் இழுத்து, மணலைப் பொறுக்கி ஒட்டி, அரிசியளவு வீடு கட்டிக் கல்லில் பதித்துக்கொள்ளும். எந்தக் கொத்தனாருக்கும் அந்த நேர்த்தி வராது. பிறகு வாசலை அடைத்துக்கொண்டு இருபது நாள் உறங்கும். விழித்ததும் கூட்டைக் கடித்துத் திறந்து, நீந்தி மேலே வந்து சிறகு விரிக்கும். ஒரே கல்லில் நூற்றுப் பதினேழு வீடுகள். முட்டையிலிருந்து ஒரு வருடமாகப் பார்த்துவந்தேன். அன்று மாலை பறக்கப்போகின்றன என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சமையலறையில் தனியாக ஆடினேன்.

அக்காவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். "அவரையும் கூட்டிட்டுப் போடி. லீவு போட்டுட்டு வீட்ல உக்காந்து என் உயிரை வாங்குறாரு," என்றாள்.

அத்தான் தங்கமானவர். சிறு வயதில் எனக்கு முதல் பூதக்கண்ணாடி வாங்கித் தந்தவரே அவர்தான். வழியெல்லாம் கிண்டல். "ஏன் சின்னவளே, பூச்சிக்குப் பிரசவம் பாக்கவா புதுச் சட்டை?" வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நான் பாறையில் குப்புறப் படுத்திருந்தேன். கல் கைக்கெட்டும் தூரம்தான். முதல் கூடு அசைந்ததும், "வாங்க அத்தான், சீக்கிரம்," என்று கூப்பிட்டேன். ஓடி வந்தவர் பாசியில் வழுக்கி ஆற்றில் விழுந்தார். இடுப்பளவு நீர்தான், ஆனால் இழுப்பு பொல்லாதது. பத்தடி தள்ளி அருவி. அந்தக் கல்லைத்தான் இரு கைகளாலும் பற்றினார்.

"கையைக் குடும்மா," என்றார்.

அவர் உள்ளங்கைக்கு அடியில் எட்டு வீடுகள் நொறுங்கியிருந்தன. அசைந்தால் இன்னும் நொறுங்கும். கையைக் கொடுத்தேன். சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக மெல்லப் பிரித்தேன். பதறியிருந்தால் இன்னும் எத்தனையோ நசுங்கியிருக்கும்.

"என்னம்மா பண்றே?" என்று கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை. மேல்வரிசை திறந்துகொண்டிருந்தது.

நூற்று ஒன்பதும் பறந்தன, ஐயா. மூக்கில், முடியில், கழுத்தில் வந்து உட்கார்ந்தன. கிச்சுகிச்சு மூட்டியதுபோல் சிரித்துக்கொண்டே கிடந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆமாம், இன்ஸ்பெக்டர் ஐயா, அத்தானின் கையைக் கல்லிலிருந்து நான்தான் விடுவித்தேன். என் கை தவறவில்லை. அக்காவிடம் மட்டும் நீங்கள் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அந்த எட்டை நசுக்கியதற்காக அத்தான்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை என்று.