தாய்க்கலம்

றுஸ்தா: நில்லு, நில்லு... நீ படிக்கிற இந்தப் பூனைக் கிருமிக்கு மகனே இல்லையா?

றிஸ்லா: இல்ல ராத்தா. கலம் ரெண்டாப் பிரிஞ்சா ரெண்டுமே மகட்கலம்தான். புத்தகத்தில அப்புடித்தான் இரிக்கி.

றுஸ்தா: அப்ப அதுவும் நம்மட ஊர்தான். வீடு வளவெல்லாம் பொம்புளப் புள்ளைக்கு.

றிஸ்லா: பகிடி உடாதகா! நாளைக்கு கம்பஸில படிப்பிக்கிற சேர்மாருக்கு முன்னால இதக் கதைக்கோணும். கேளு... முதல்ல தாய்க்கலம் தன்ட டிஎன்ஏய கொப்பி எடுக்கும். ஒரேயொரு தரம்.

றுஸ்தா: எடுத்து முடிச்சு, மறுகா பிரியும்...

றிஸ்லா: அதான் இல்ல! கொப்பி முழுசா முடிய முதலே, தாய்க்குள்ள ரெண்டு மகளையும் கட்டத் தொடங்கிரும்.

றுஸ்தா: நம்மட மேசன் மாதிரி. உன்ட கலியாணத்துக்கு நாள் வைக்க முதலே, வீட்டுக்கு நடுவால சுவர் கட்ட அளந்துட்டுப் போயிட்டான்.

றிஸ்லா: வீட்டில உனக்குப் பாதி, எனக்குப் பாதி... உம்மா எங்க ராத்தா இரிப்பா?

றுஸ்தா: குசினிக்குப் பின்னால அறை இரிக்கிதானே... நீ பாடத்தச் சொல்லு. மறுகா?

றிஸ்லா: மகள்மார் வளருவாங்க. தாய்க்குள்ள இரிக்கிற எல்லாத்தையும் எடுத்துக்குவாங்க. கடைசியா தாய்ட தோலையும் போத்திக்கிட்டு வெளிய வருவாங்க.

றுஸ்தா: அல்லாஹ்வே... அப்ப தாய்?

றிஸ்லா: தாய் இல்ல.

றுஸ்தா: மௌத்தாகிருமா?

றிஸ்லா: மௌத்துமில்ல, மையத்துமில்ல. மகள்மாராவே ஆகிரும். சின்னதா ஒரு மிச்சம் மட்டும் மூலையில கிடக்கும்... ராத்தா, அழுறியா?

றுஸ்தா: அழுதா என்ன? நீ பாடத்தச் சொல்லு.

றிஸ்லா: பாடம் முடிஞ்சி... ஒண்டு சொன்னா ஏசமாட்டாய்தானே?

றுஸ்தா: ஏசுவன். சொல்லு.

றிஸ்லா: மாப்பிளைக்கு கோல் எடுத்தன். வீடு வேணாம், வாடகைக்கு இரிப்பமெண்டு சொல்லிட்டன்.

றுஸ்தா: நேரா பர்ஸானோடயே கதைச்சியா! வெக்கமில்லையாகா உனக்கு?

றிஸ்லா: இல்ல. அவரும் ஓமெண்டுட்டார். இனி வீட்ட என்ட பேருக்கு உறுதி எழுதத் தேவல்ல. உம்மாட வீடு உம்மாக்கே. நீதான் அவட்டச் சொல்லோணும், நீ சொன்னாக் கேப்பா.

றுஸ்தா: இனிச் சொல்லி என்ன புள்ள...

றிஸ்லா: ஏன்?

றுஸ்தா: நீ இப்புடி ஏதும் செய்வாயெண்டு உம்மாக்குத் தெரியும். அதான் நேத்தே போய் உறுதி எழுதிட்டா. நாளைக்கு நீ கதைச்சு முடியுமட்டும் வாய் திறக்காதையெண்டு என்னட்டச் சத்தியமும் வாங்கிட்டா... உறுதியில உன்ட பாதிய உனக்காகப் பாரமெடுத்து கையொப்பம் வெச்சது நான்தான்.