பாயாசமும் பிறசரும்

நயினாதீவுக் கோயிலுக்குப் போகும் லோஞ்சுப் படகில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"என்ர மனுசன்ர இரத்தப் பிறசரை இறக்கிறது குடல்தானாம், அக்கா," என்றாள் இளையவள்.

"ஆர் சொன்னது?"

"டொக்டர். வெறும் வயித்தோட அளந்தா ஏறி நிண்டுது. சாப்பிட்டிட்டுப் போனா இறங்கியிருக்கு. குடலில சுரக்கிற ஏதோ ஒண்டு மூளைக்குச் சொல்லுமாம். மூளை இரத்தக் குழாயளைத் தளர விடுமாம்."

"நல்லதுதானே. பிறகேன் முகம் வாடியிருக்கு?"

"மகள் கம்பஸில ஒரு பொடியனை விரும்புறாள். இண்டைக்கு இவருக்குச் சொல்லவேணும்."

"அந்தா இரண்டு வரிசை முன்னுக்குத்தான் இருக்கிறார். போய்ச் சொல்லுமன்."

"இப்ப ஏலாது. அன்னதானம் முடியட்டும்."

கோயில் மடத்துப் பந்தியில் இளையவள் கணவரின் இலையில் மூன்றாம் தரமும் பாயாசம் விடச் சொன்னாள். அவர் அதையும் வழித்துக் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரி, பொடியன் ஆர்?"