யார் யார் போவீங்க

எது பெரிய ஆபத்துன்னு ஒண்ண மட்டும் சொல்லச் சொன்னா எப்பிடி மிஸ் சொல்றது? மேல பாருங்க, மலை வெடிச்சு நிக்கிது. கீழ ஆறு. அது ஏறிருச்சுன்னா பாலத்தால போக ஏலாது. காத்தடிச்சா கூரைத் தகரம் பறக்கும். வெயில் காலத்துல குளவி வேற. எல்லாத்துக்கும் நடுவுல எங்க லயம், வரிசையா ஒட்டுன ஒத்தக் காம்பரா வீடுங்க. அப்பிடியே உங்க ஃபோம்ல எழுதிக்கங்க.

வேற எடமா? வீடு கட்ட எடம் தாறோம்னு சொல்லி எல்லைக் கல்லும் நட்டாங்க. பொறகு வேற ஒரு கூட்டம் வந்து அந்த எடமும் சரியும்னு சொல்லிட்டுப் போச்சு. கஹவத்தைப் பக்கம் வாடகைக்குப் போகலாம்தான். தோட்டத்துல நான் வேலைய விட்டா இந்தக் காம்பராவும் இல்லையே.

வீட்டுக்காரரு உள்ள கெடக்காரு, இப்பத்தான் கண் அசந்தாரு. அதான் உங்கள தண்ணி பிடிக்கிற இந்தப் பீலிக்குக் கூட்டியாந்தேன். றப்பர் மலையில பால் வெட்டிக்கிட்டு இருக்கயில காத்துக்கு மரம் முறிஞ்சு முதுகுல விழுந்திருச்சு. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில வச்சிருந்துட்டு, வீட்டுக்கே கொண்டுபோங்கன்னுட்டாங்க. காமன்கூத்துல ரதி வேஷம் கட்டுன ஆளு மிஸ். அம்புட்டு அழகா இருப்பாரு. இப்பவும் தாடி வளர விடமாட்டாரு, நான்தான் வழிச்சு விடணும்.

மண்சரிவு எச்சரிக்கை வந்தா யார் யார் இடம்பெயர்வீங்களோ? நீங்க கேக்கிற யாழ்ப்பாணத் தமிழ் நல்லா இருக்கு மிஸ். மகள் போவா. மதுரா.

மத்தவங்களா... இருங்க, சொல்றேன்.

போன வருசம் எல்லாருமே போனோம், ஆத்துக்கு அந்தப் பக்கம் சிங்கள இஸ்கூலுக்கு. அவர கதிரையில உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. பக்கத்துக் காம்பரா புஷ்பம் அக்கா மகன் பிரதீபன் வழுக்கி விழுந்து கால முறிச்சுக்கிட்டான். இன்னும் நொண்டித்தான் நடக்கிறான். இஸ்கூல்ல குறை சொல்ல ஏலாது, அந்த ஊர் ஆளுங்க சோறு ஆக்கிக் கொண்டாந்து குடுத்தாங்க. ஆனா அவ்வளவு சனமும் ஒரே மண்டபத்துல. அவருக்குத் துணி மாத்தணும், கழுவி விடணும். மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. மகள் என் சேலைய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நின்னா. வயசுக்கு வந்த புள்ள. அவரு கண்ண மூடிக்கிட்டாரு.

திரும்பி வந்ததும் சொன்னாரு, இனிமே என்னைத் தூக்காத கலா, மழை வந்தா புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிரு, கதவப் பூட்டிட்டுப் போ, இல்லாட்டி யாராவது வந்து தூக்குவாங்கன்னு.

ஒத்துக்கிட்டேனான்னு கேக்கிறீங்க. சண்டை போட்டேன் மிஸ். அழுதேன். அவரு சாப்பாட்டத் தள்ளி வச்சிட்டாரு. கடைசியில மகள் தலையில கை வச்சு, பூட்டிட்டுப் போறேன்னு சத்தியம் பண்ணேன்.

அதுக்குப் பொறகும் எச்சரிக்கை வந்துச்சு. பூட்டினேன்.

அப்பிடிப் பாக்காதீங்க மிஸ், முழுசா கேளுங்க. மகளை புஷ்பம் அக்காவோட அனுப்பிட்டேன். அவருக்குப் பக்கத்துல தண்ணி வச்சேன், போயிட்டு வாரேன்னு சொன்னேன், பூட்டுப் போட்டேன். புஷ்பம் அக்கா அந்தப் பக்கம், எங்களுக்கு இந்தப் பக்கத்துக் காம்பரா காலி, அங்க இருந்தவங்க கொழும்புக்குப் போயிட்டாங்க. அதுல நுழைஞ்சு சுவரோட ஒட்டி உக்காந்துக்கிட்டேன். நடுச்சுவரு கூரை வரைக்கும் இல்ல, பெருமூச்சு விட்டாலும் கேக்கும்.

மழை கூடுச்சு. மேல எங்கயோ கல்லு உருளுற சத்தம். அப்ப என் பேரைச் சொன்னாரு. கூப்பிடல மிஸ். நான் போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு, சும்மா சொல்லிக்கிட்டே கெடந்தாரு, கலா, கலான்னு. நான் வாயத் தொறந்தா தெரிஞ்சிரும். முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டேன்.

மழை விட்ட பொறகு ரோட்டுப் பக்கமா சுத்தி வந்து, இஸ்கூல்ல இருந்து வாற மாதிரி கதவத் தொறந்தேன். இஸ்கூல்ல சாப்பாடு குடுத்தாங்களான்னு கேட்டாரு. குடுத்தாங்க, சோறும் பருப்பும்னேன்.